அப்பாவின் சனிக்கிழமைக் கொள்கைகள்

எங்கள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கொள்கையும் கிடையாது. எல்லாம் சபாவில் வாங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு மணி அடித்துத் திரை விலகினால், ஒன்பது மணிக்குள் யாராவது ஒரு நடிகர் மேடை நடுவில் தொங்குகிற மைக்குக்கு நேர் கீழே வந்து நின்று, வலது கையை நீட்டி, ஒரு பேச்சுப் பேசுவார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடிப் போர்ஷனில், நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். நான் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க் வேலை. ஆழ்வார்பேட்டையில் ஒரு சபாவில் மெம்பர். மெம்பர் கார்டுக்கு இரண்டு நாற்காலி. அம்மாவின் நாற்காலி எனக்கு வந்தது. சமையல் என் பொறுப்பு, காலைக் காபி மட்டும் அப்பா பொறுப்பு. ஐந்து மணிக்கு எழுந்து டிகாக்‌ஷன் இறக்கி, இரண்டு டவரா டம்ளரை எடுத்து வைத்துவிட்டுத்தான் என்னை எழுப்புவார்.

அப்பா ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸில் யாராவது அரை நாள் லீவை அமுக்கப் பார்த்தால் வாசனையிலேயே பிடித்துவிடுவார். கத்தரிக்காய்க்காரியிடம் அவர் பேரம் பேசுவதைத் தெருவே நின்று கேட்கும். ஆனால் மேடையில் ஒருவர் குரலை இறக்கி, "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றால் போதும், மனுஷர் கவிழ்ந்துவிடுவார்.

ஒரு நாடகத்தில் டாக்டராக வந்தவர் மூக்குப்பொடியின் தீமைகளைப் பத்து நிமிஷம் பேசினார். அப்பா பொடி டப்பியை ஜன்னல் வழியே வீசிவிட்டார். கீழ் வீட்டு மாமி அதைப் பொறுக்கி வைத்து, ஆறாம் நாள் கேட்டபோது ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மாளுக்கு அப்பாவை அவ்வளவு நன்றாகத் தெரியும்.

அதுவாவது தொலையட்டும். இன்னொரு சனிக்கிழமை கூட்டுக் குடும்பத்தின் பெருமை பற்றி ஒரு நாடகம். கடைசி சீனில் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு அழ, அப்பா என் தாவணித் தலைப்பில் மூக்கைச் சிந்தினார். மறுநாள் திருச்சியில் இருக்கும் சித்தப்பாவுக்கு, எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவருக்கு, நாலு பக்கக் கடிதம் போனது. சித்தப்பா சும்மா இருப்பாரா? பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், ஒரு ஹோல்டால், ஒரு மண்கூஜா சகிதம் வந்து இறங்கிவிட்டார். அதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்து போய்விட்டதே! அந்த வார நாடகத்தில், சொந்தக்காரர்களை வாசலோடு நிறுத்த வேண்டும் என்று ஒரு வக்கீல் வெளுத்து வாங்கியிருந்தார். சித்தப்பாவைப் பார்த்து அப்பா கேட்ட முதல் கேள்வி, "எப்போ கிளம்பறேள்?" பதினாறு நாள் அந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எந்த டிராமாக்காரனும் போடவில்லை.

இதில் இன்னொரு கூத்து. சனிக்கிழமை பார்த்த நாடகத்தின் விமரிசனம் வெள்ளிக்கிழமை பேப்பரில் வரும். எழுதுகிறவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, கீழே இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். அந்த இரண்டு எழுத்துக்கு எங்கள் வீட்டில் சுப்ரீம் கோர்ட் மரியாதை. அவர் "வசனங்கள் கூர்மை" என்று எழுதினால் அப்பாவின் கொள்கை இன்னொரு வாரம் ஓடும். "சோர்வு தட்டுகிறது" என்றால், காபி டம்ளரைக் கீழே வைக்கும்போதே கொள்கையையும் வைத்துவிடுவார். "நான் அன்னிக்கே நெனைச்சேன்" என்பார். எங்கே நினைத்தார்? அன்றைக்கு அழுதவர் யார், நானா? ஆக, அப்பாவின் கொள்கைக்கு ஆயுசு ஞாயிறு முதல் வியாழன் வரை. இந்தக் கணக்கை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையே ஒரு தடவை இதன்மேல் நின்றது.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. மத்திய சர்க்கார் ஆபீஸ், நாக்பூரில். பரீட்சை எழுதி, நேர்முகத்துக்குப் போய், ஒன்றரை வருஷம் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குப் பலன். எனக்கு இருபத்துமூன்று வயது. உத்தரவைப் படித்ததும் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகக் குதித்து இறங்கி, கீழ் வீட்டு மாமிக்கு வாயில் சர்க்கரை போட்டேன்.

கூடவே அச்சடித்த பாரம் ஒன்று இருந்தது. சேருகிறவருக்குப் பொறுப்பேற்றுத் தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும். முப்பது நாளைக்குள் அனுப்பாவிட்டால் உத்தரவு ரத்து. அப்பா பாரத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் "முடியாது" என்று ஒரு வார்த்தை கிடையாது. "பாக்கலாம்"தான்.

அப்புறம் தினம் ஒன்று சொல்வார். "நாக்பூர் வெயில்ல காக்கா செத்து விழுமாம்." "அங்க துவரம்பருப்புல சக்கரை போடுவாளாம்." "ஒரு ஜுரம் வந்தா கஞ்சி போட யார் இருக்கா?" நான் பதில் சொன்னால், "நான் ஒண்ணும் தடுக்கலையே, உன் நன்மைக்குச் சொல்றேன்" என்பார். இந்த ஆளோடு எப்படி வாதாடுவது? சுவரில் முட்டினால் சுவராவது உதிரும்.

இங்கேதான் டைரக்டர் மாமா வருகிறார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு நாடகக் குழு நடத்தியவர், அடுத்த சந்து. அவருடைய குழுவுக்கு ஸ்கிரிப்டைக் கார்பன் வைத்து நகல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இப்போது பார்த்துச் சிரிக்காதீர்கள், அன்றைக்கு இருந்தது.

மாமாவின் ஸ்கிரிப்டில் ஒரு விசேஷம் உண்டு. எங்கே ஜனங்கள் கைதட்ட வேண்டுமோ, அங்கே ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் "கை" என்று எழுதியிருப்பார். நடிகர் அந்த இடத்தில் நிறுத்தி, மைக்கை அண்ணாந்து பார்த்து, மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். கை வந்தால் சரி. வராவிட்டால் மூச்சு வாங்குகிற மாதிரி பாவனை பண்ணிவிட்டு மேலே போக வேண்டும். "பக்கத்துக்கு நாலு கை" என்பது மாமாவின் சட்டம். ஏனென்றால் அரங்கேற்றத்தன்று மற்ற சபாக்களின் செக்ரட்டரிகள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் டி. நகரிலும் அடையாறிலும் நாடகத்துக்குத் தேதி கிடைக்கும். "கை கொறைஞ்சுதோ, இண்டர்வெல்லுல போண்டாவைத் தின்னுட்டு அப்படியே செருப்பைப் போட்டுண்டு போயிடுவா" என்பார் மாமா.

அப்போது அவர் கையில் இருந்த கதையில், பெண் யாரையோ காதலிக்கிறாள், தகப்பன் மறுக்கிறான். "சமாதான சீன் சப்புனு இருக்குடி. நீதான் காலேஜ்ல பேச்சுப் போட்டில கப்பு வாங்கினவளாச்சே, பொண்ணுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடேன்" என்றார்.

கப்பு வாங்கியது உண்மைதான். ஒன்றல்ல, மூன்று. "பெண்கள் வேலைக்குப் போகலாம்" என்று பேசி ஒன்று, அடுத்த வருஷம் "போகக் கூடாது" என்று பேசி ஒன்று. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மூன்றாவது எதற்கென்று மறந்துவிட்டது.

மாமா கேட்ட அந்த நிமிஷம் எனக்குப் பொறி தட்டியது. அரங்கேற்றம் எங்கள் சபாவில், உத்தரவு வந்ததிலிருந்து நாலாவது சனிக்கிழமை. என் கெடு அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. ஞாயிறு முதல் வியாழன் வரை அப்பா நம் கையில்!

"மாமா, இவ காதலிக்க வேண்டாம். இவளுக்கு வெளியூர்ல வேலை கிடைக்கறதுன்னு வெச்சுக்கோங்கோ. அப்பா விட மாட்டேங்கறார்."

"அப்போ லவ்வு?"

"இண்டர்வெல்லுக்கு அப்புறம் வெச்சுக்கோங்கோ. வேலைக்குப் போற எடத்துல."

மாமா வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "புதுசா இருக்கு. எழுது" என்றார்.

எழுதினேன் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு! உலகத்தில் இருக்கிற நியாயமெல்லாம் அந்தப் பெண்ணின் வாயில். "படிக்க வைத்த கை பறக்கவிட மறுப்பது ஏன்?" "பிள்ளைக்குத் திறக்கிற கதவு பெண்ணுக்கு மட்டும் ஏன் சுவராகிறது?" படித்துவிட்டு மாமா ஓரத்தில் எட்டு "கை" போட்டார். அப்புறம் பக்கத்தைத் திருப்பி, "அப்பன் என்ன பேசறான்?" என்றார். நான் தகப்பனுக்கு நாலே வரி கொடுத்திருந்தேன், அதிலும் இரண்டு வரி "நான் தோற்றேன் மகளே."

"அட அசடே" என்றார் மாமா. "ஒருத்தரே பேசிண்டிருந்தா அதுக்குப் பேர் பொதுக்கூட்டம். எதிராளிக்கும் பேச்சு குடு. அவனுக்கும் ரெண்டு பக்கம். அவன் ஜெயிச்சுடுவானோன்னு ஜனங்க பயப்படணும். அப்பத்தான் இவ பேசினதுக்கு மதிப்பு."

எனக்குக் கோபமான கோபம். ஆனால் மாமா சொன்னதுக்கு மேல் பேச முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பா பக்கத்து அறையில் "நாக்பூர்ல தண்ணிக் கஷ்டமாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் எழுதித் தள்ளினேன். யோசிக்கவே இல்லை. யோசிப்பானேன்? காது இருக்கிறது, கை இருக்கிறது. வெயில், காக்கா, துவரம்பருப்பு, கஞ்சி எல்லாம் போட்டேன். கடைசியில், "ஆகாசத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத சித்திரை மாசத்திலும், நீ வெளியே கிளம்பும்போது வாசல்வரைக்கும் வந்து, குடை எடுத்துண்டியான்னு கேக்கறேனே, அதுக்குப் பேர் அடக்குமுறையா?" என்று முடித்தேன். மாமா படித்துப் பார்த்து, குடை இடத்தில் "சிரிப்பு" என்று எழுதினார். "கை" ஒன்றுகூடப் போடவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

குடை விஷயம் எங்கள் அப்பா செய்வதுதான். நான் எங்கே கிளம்பினாலும், கறிவேப்பிலை வாங்கக் கிளம்பினாலும், படிவரைக்கும் வந்து "குடை எடுத்துண்டியா?" என்று கேட்பார். எத்தனை வருஷமாகவோ கேட்டுக் கேட்டு, அது எங்கள் வீட்டு வழக்கம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தகப்பன் என்றால் கேட்பான் என்று நினைத்து எழுதிவிட்டேன்.

அரங்கேற்ற நாள். வசனம் யார் என்று நோட்டீஸில் போடவில்லை, "குழுவினர்" என்று இருந்தது. அது நான் மாமாவிடம் வாங்கிய சத்தியம். மூன்றாவது வரிசையில் அப்பா, பக்கத்தில் நான். கைக்குட்டைக்குள் விரலை முறுக்கிக்கொண்டிருந்தேன். பாரத்தை அன்று காலையில்தான் அப்பாவின் பொடி டப்பிக்குக் கீழே கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்தேன்.

பெண்ணாக நடித்த அம்மாள் தொழில் நடிகை. ஒரே சாயங்காலம் இரண்டு சபாவில் நடித்துவிட்டு டாக்ஸியில் பறக்கிறவர். மைக்குக்குக் கீழே வந்தார், கையை நீட்டினார், பொரிந்து தள்ளினார். எட்டு இடத்திலும் கை! பேச்சு முடிந்தபோது ஒன்பதாவதாகவும் ஒன்று. முன் வரிசை செக்ரட்டரிகள் தலையை ஆட்டினார்கள். அப்பா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். "என்னமாப் பேசறா பாரு!" என்று என் முழங்கையை இடித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனசுக்குள் நான் நாக்பூர் ஸ்டேஷனில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு தகப்பனின் முறை. அந்த வேஷம் போட்டவர் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர். தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்திருந்தார்கள். ஒத்திகையில் முணுமுணுவென்று ஒப்பித்தவர், அன்றைக்கு என்ன தோன்றியதோ, மைக்குக்குக் கீழே வரவே இல்லை. மேடை ஓரத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பெண்ணைப் பார்க்காமல் பேசினார். முதல் நாலு வரி பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஹாலில் ஒரு இருமல் இல்லை. விசிறிக்கொண்டிருந்த நோட்டீஸ்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன.

குடை வந்தது. ஹால் முழுக்கச் சிரித்தது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரிக்கவில்லை. மடியில் இருந்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜனங்கள் தட்டின தட்டு இருக்கிறதே, பெண்ணுக்கு விழுந்த ஒன்பதையும் சேர்த்தால்கூட அதில் பாதி வராது. அப்பா தட்டவில்லை. அடிப்பாவி, உன் வாயாலேயே கெட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கடைசி சீனில் பெண் ஊருக்குப் போகத்தான் செய்தாள். அதை யார் கவனித்தார்கள்?

வெளியே எங்கள் வாடிக்கை சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் காத்திருந்தார். அவரும் ஒரு விமரிசகர். உள்ளே வராமல், கேட்கிற கைதட்டலை வைத்தே நாடகத்தை எடைபோட்டுவிடுவார்.

"இன்னா ஐயரே, மொதல்ல படபடன்னு தட்டிக்கினே இருந்தாங்கோ. அப்பால சத்தமே காணோம். ஊத்திக்கிச்சுன்னு பாத்தா இடி மாதிரி தட்றாங்கோ! இன்னா நடந்துச்சு உள்ள?"

மற்ற நாளாக இருந்தால் அப்பா இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி, லஸ் வரைக்கும் பிரசங்கம் பண்ணியிருப்பார். அன்றைக்கு, "ஒண்ணுமில்லேப்பா, ஓட்டு" என்றார். ரிக்‌ஷாக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தெருவிளக்கைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு கொள்கையும் சொல்லவில்லை. திங்கட்கிழமையும் இல்லை. வெயில், காக்கா, துவரம்பருப்பு எல்லாம் நின்றுபோயின. பேசாத அப்பாவை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், பிரசங்கம் பண்ணினால் குறுக்கே பேசலாம், சும்மா இருக்கிறவரை என்ன செய்வது? காலையில் காபி கொடுத்தார். "சக்கரை போறுமா?" என்றார். பொடி டப்பிக்குக் கீழே பாரத்தைக் காணோம். கேட்கவும் பயம். கிழித்துப் போட்டிருந்தால்?

செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன். நாளை விமரிசனம் வந்துவிடும். அதோடு என் கெடுவும் முடிந்தது, என் கதையும் முடிந்தது என்று வியாழக்கிழமை அரிசி களையும்போது அழுதேன். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளக்கூட அன்றைக்கு வீட்டில் வெங்காயம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. இரண்டு டம்ளரில் காபி. அப்பா பேப்பரைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, உரக்கப் படித்தார். மகளின் பேச்சு கல்லூரி மேடையில் முதல் பரிசு வாங்கும், வீட்டில் எந்தப் பெண்ணும் இப்படிப் பேசமாட்டாள் என்று எழுதியிருந்தது. தந்தையின் பேச்சு மட்டும் அச்சு அசல் வீட்டில் கேட்ட பேச்சு, குடை ஒன்றே போதும், எழுதியவர் பெண்ணைப் பெற்று வளர்த்த பெரியவராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிந்திருந்தது.

அப்பா பேப்பரை மடியில் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அப்படியும் நிற்கவில்லை. "பெரியவராம்டி! பெண்ணைப் பெத்தவராம்!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்றேன்.

"துவரம்பருப்புலயே சந்தேகம். குடைல ஊர்ஜிதம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், என் ஞாபகத்தில் முதல் தடவையாக, அந்த இரண்டெழுத்துக்காரரை எதிர்த்துப் பேசினார். "இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல. பொண்ணு பேசினது பேச்சுப் போட்டிங்கறான், அது சரி. அப்பன் பேசினது நிஜம்ங்கறானே, அதுதான் சுத்தத் தப்பு."

"ஏன், நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்? ஒரு வார்த்தை கூட்டலையே!"

"நான் சொன்னதைத்தான் எழுதினே. நான் சொன்னது நிஜம்னு யார் சொன்னா?" என்றார். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "அந்த அப்பனுக்கு வெயிலைப் பத்திக் கவலையோ? நாக்பூர்ல லட்சம் பேர் இருக்கா. அவன் பயம் வேற. கார்த்தால எழுந்து டிகாக்‌ஷன் இறக்குவான். கை பழக்கத்துல ரெண்டு டம்ளர் எடுக்கும். ஒண்ணைத் திருப்பி அலமாரில வெக்கணும். ஏற்கெனவே ஒரு தடவை அப்படி வெச்சிருக்கான். அதை ஒரு அப்பன் பொண்ணுகிட்ட சொல்லுவானோ? வாய் வராது. அதான் காக்கா, கஞ்சின்னு ரெண்டு பக்கம் பேசறான்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போட்டிருந்தது. ஹெட் கிளார்க் இல்லையா, கீழே தேதியும் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

"ஞாயித்துக்கிழமையே போட்டாச்சா?" எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அப்ப ஏன் சொல்லலே? அஞ்சு நாளா நான் நாய் படாத பாடு பட்டேனே!"

"சொன்னா அன்னிக்கே தபால்ல போட்டுட்டு பொட்டி கட்ட ஆரம்பிச்சிருப்பே. வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு இருக்கே, அதுவரைக்கும் சும்மா காபி குடிச்சிண்டிருக்கலாமேன்னு பாத்தேன்."

மூன்று கப்பு வாங்கினவள் அந்தத் தேதியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆறிப் போறது, குடி" என்றார். குடித்தேன்.

"அப்பா, மாமாகிட்ட சொல்லி அந்த டம்ளரை அடுத்த ஷோவுல சேக்கட்டுமா?" என்று குடித்து முடித்துவிட்டுக் கேட்டேன். புத்தி போகுமா?

"வேண்டாம்" என்றார். "அது நம்மாத்தோட இருக்கட்டும்."

பத்து மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு, பாரத்தைக் கவரில் போட்டு, தபாலாபீஸுக்குக் கிளம்பினேன். அப்பா வழக்கம்போலப் படிவரைக்கும் வந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அவரும் நின்றார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வெளியே கண்ணைக் கூசும் வெயில். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தக் குடைக் கேள்விக்குத்தான் போன சனிக்கிழமை ஒரு ஹாலே சிரித்தது. இனிமேல் அவர் கேட்கமாட்டார்.

நாலு படி இறங்கினவள், திரும்ப ஏறி வந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டேன்.

"மழை வராதுடி" என்றார் அப்பா.

"தெரியும்" என்றேன்.